எழுத்து சாயும் பக்கம்

போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து நித்யா போன் செய்தார். கம்ப்யூட்டருக்கு எழுத்துரு வரைவது அந்தப் பெண்ணின் தொழில். நாற்பது வருடமாக நான் பஸ்களிலும் லாரிகளிலும் கடை போர்டுகளிலும் எழுதிவந்த தடித்த சாய்வெழுத்தை ஒரு வருடமாகக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றிக்கொண்டிருந்தார். என்னிடம் மிச்சமிருந்த வரைதாள்களையெல்லாம் மலைமேல் எங்கள் ஊரான வளப்பூர் நாடு வரை பஸ் ஏறி வந்து வாங்கிப் போனவர். அன்று குரலில் துள்ளல் இருந்தது.

"ஐயா, நல்ல சேதிங்க. நம்ம எழுத்துக்கு மொத ஆர்டர் வந்திருக்குது. உங்க மலை ரோட்டுலயே எழுபது கொண்டை ஊசி வளைவுக்கும் புது போர்டு வெக்கப்போறாங்களாம். இந்தச் சாஞ்ச எழுத்துதான் வேணும்னு காண்டிராக்டர் ஒத்தக் கால்ல நிக்கறாரு. நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதுமுங்க."

நான் போனை அணைத்துவிட்டேன். எங்கள் மலையில் டவர் கிடைப்பது குதிரைக் கொம்பு என்பதால், லைன் போய்விட்டது என்றுதான் அவர் நினைத்திருப்பார். அந்தச் சாக்கில் மூன்று நாள் ஒளிந்துகொண்டேன். அறுபத்தெட்டு வயதில் ஒரு சின்னப் பெண்ணின் போனுக்குப் பயந்து பலாமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். எதற்குப் பயந்தேன் என்பதை அவரிடம் வாயால் சொல்ல வரவில்லை. அதனால் எழுத உட்கார்ந்தேன்.

என் அப்பா சாமையும் மிளகும் விளைவித்தவர். பத்தாம் வகுப்பில் தேறாத கையோடு நான் மலையிறங்கி, சேந்தமங்கலத்தில் ஆர்ட்டிஸ்ட் தங்கவேலண்ணன் பட்டறையில் சேர்ந்தேன். முதல் ஆறு மாதம் பிரஷ்களை மண்ணெண்ணெயில் அலசினேன். ஒரு வருடம், அவர் போட்ட கோட்டுக்குள் பெயிண்ட் நிரப்பினேன். மூன்றாம் வருடம்தான் ஒரு முழு எழுத்தை என்னை நம்பிக் கொடுத்தார். அது ஒரு மாவு மில்லின் "மா". அதற்கப்புறம் கல்யாணம், பிள்ளைகள் எல்லாம் எந்தெந்த போர்டு எழுதிய சமயத்தில் நடந்தன என்றுதான் எனக்கு ஞாபகம்.

தங்கவேலண்ணன் பேச்சைக் காசு போல எண்ணிச் செலவழிப்பவர். திட்டமாட்டார், அடிக்கமாட்டார், பாராட்டவும் மாட்டார். வேலை முடிந்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: "ரெண்டு பக்கமும் சரியா இருக்குதா?" நாம் "இருக்குதுங்கண்ணா" என்றால் போதும். வந்துகூடப் பார்க்கமாட்டார். வண்டிக்காரரிடம் "எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லிவிடுவார். அவருக்கு அப்போதே இரண்டு கண்ணிலும் புரை விழுந்துகொண்டிருந்தது. இருந்தாலும், கண் நன்றாகத் தெரிந்த காலத்திலும் அவர் அப்படித்தான் என்று மூத்தவர்கள் சொல்வார்கள்.

ரெண்டு பக்கம் என்று அவர் கேட்டதற்குக் காரணம் உண்டு. எங்கள் பட்டறையின் பெயரே அந்தச் சாய்வெழுத்தில்தான் நின்றது. ஓட்ட எழுத்து என்று நாங்கள் சொல்வோம். நின்றுகொண்டிருக்கும் பஸ்ஸையும் ஓடுவதுபோலக் காட்டும். ஆனால் பஸ்ஸுக்கு இரண்டு பக்கம் இருக்கிறதே. பஸ்ஸின் வலப் பக்கத்தைப் பார்த்து நின்றால், அதன் மூக்கு நம் வலது கைப் பக்கம் இருக்கும். அங்கே வலப் பக்கம் சாய்ந்த எழுத்து முன்னால் பாயும். ஆட்கள் ஏறுகிற இடப் பக்கத்துக்கு வந்து நின்றால், மூக்கு நம் இடது கைப் பக்கம் போய்விடும். அங்கேயும் அதே எழுத்தை எழுதினால், எதிர்க்காற்றில் மல்லாந்து விழுவதுபோல் பின்னால் சாயும். மற்ற பட்டறைக்காரர்கள் இதைக் கண்டுகொள்ளமாட்டார்கள். தங்கவேலண்ணன் விடமாட்டார். "வண்டி போற பக்கம் எழுத்து சாயோணும்" என்பதுதான் அவர் சட்டம்.

ஆகவே நாங்கள் ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு தடவை வரைந்தோம். வலச்சாய்வு ஒன்று, இடச்சாய்வு ஒன்று. கட்டம் போட்ட தாளில் பதினான்கு கட்டம் உயரம் என்றால் மூன்று கட்டம் சாய்வு. நேர் எழுத்தைப் பிடித்து ஒரு பக்கம் தள்ளிவிட்டால் சாய்வெழுத்து ஆகிவிடும் என்று இப்போது கம்ப்யூட்டரில் ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தப் பொத்தானைக் கண்டாலே எரிச்சல். அப்படித் தள்ளினால் "ண" வின் சுழிகள் கோழிமுட்டையாக நசுங்கும். "ழ" வின் கால் ஒரு பக்கம் வீங்கி, இன்னொரு பக்கம் மெலியும். தடித்த எழுத்தில் அந்த வீக்கம் அப்பட்டமாகத் தெரியும். சுழியை மறுபடி வட்டமாக்க வேண்டும், உள்ளே வெளிச்சம் விட வேண்டும், புள்ளியை மட்டும் சாய்க்காமல் உருண்டையாகவே வைக்க வேண்டும். இதையெல்லாம் இடச்சாய்வுக்கு முதலிலிருந்து செய்ய வேண்டும். ஒரு எழுத்துக்கு ஒரு பொழுது ஆகும்.

வரைந்ததைச் சொல்லாகச் சேர்த்து, கோட்டின்மேல் ஊசியால் நெருக்கமாக ஓட்டை குத்துவோம். அந்தத் தாளைத் தகட்டின்மேல் ஒட்டி, கரித்தூள் மூட்டையால் தட்டினால் புள்ளி புள்ளியாகக் கோடு இறங்கும். பிறகு பிரஷ் வேலைதான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு காண்டிராக்டர் எங்கள் பஸ் எழுத்தைப் பார்த்துவிட்டு வந்தார். மலை ரோட்டில் பனி இறங்குகிற மேல் பகுதிக்கு, ஐம்பத்தாறாவது வளைவிலிருந்து எழுபது வரைக்கும், எச்சரிக்கை போர்டு வேண்டும் என்றார். வளைவுக்கு இரண்டு தகடு. ஏறுகிறவர்களுக்குக் கீழே ஒன்று, இறங்குகிறவர்களுக்கு மேலே ஒன்று. மஞ்சள் பெயிண்டில் கறுப்பாக "வளைவு" என்று ஒரு முழ உயரத்துக்கு ஓட்ட எழுத்து, கீழே எண்.

தங்கவேலண்ணன் வெகுநேரம் யோசித்தார். பிறகு, "வண்டி எந்தப் பக்கம் திரும்புதோ, எழுத்து அந்தப் பக்கம் சாயோணும். ஏறறப்ப எடது பக்கம் திரும்பற வளைவு எறங்கறப்ப சோத்துக்கைப் பக்கம் திரும்பும். பாத்து எழுது சாமி" என்றார். நான் பஸ்ஸில் போய்வந்து முப்பது தகட்டுக்கும் பக்கம் குறித்துக்கொண்டேன்.

ஆடித் திருவிழாக் கூட்டம் மலையேறுவதற்குள் நட்டாக வேண்டும் என்று காண்டிராக்டர் கழுத்தைப் பிடித்தார். கடைசி நாள் தூறல். கூரை ஒழுகி, இடச்சாய்வுக் குத்துத்தாள் நனைந்துவிட்டது. தகட்டிலிருந்து உரித்தபோது, தபால்தலை கிழிவதுபோல ஓட்டை வரிசையிலேயே கிழிந்து நாலு துண்டாக என் கையில் வந்தது. இருபத்தாறு தகடு முடிந்திருந்தது. பாக்கி நாலு. அறுபத்து மூன்று, அறுபத்தொன்று, ஐம்பத்தொன்பது, ஐம்பத்தேழு. நாலும் இறங்கும் பக்கத்துத் தகடுகள், நாலிலும் வண்டி இடது பக்கம் திரும்ப வேண்டும். புதிதாக வரைந்து குத்த இரண்டு நாளாகும். லாரி மறுநாள் காலை வருகிறது.

நான் வலச்சாய்வுத் தாளை எடுத்தேன். எழுத்து படிப்பதற்கு, சாய்வு அழகுக்கு, மலையில் யார் இதையெல்லாம் பார்க்கப் போகிறார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு மணி நேரத்தில் நாலு தகடும் முடிந்தன.

"ரெண்டு பக்கமும் சரியா இருக்குதா?" என்றார் தங்கவேலண்ணன், கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

"இருக்குதுங்கண்ணா" என்றேன்.

லாரி போய்விட்டது. மாதக்கணக்கில் எதுவும் நடக்கவில்லை. நானும் மறந்துவிட்டேன்.

கார்த்திகை மாதம் ஊருக்கு வந்திருந்தேன். திரும்பும் நாள் காலையில், மலைமேல் பஸ் கிளம்பும் செம்மேட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது டிரைவர் சின்னசாமி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எங்கள் மலைக்கு வருடக்கணக்காக வண்டி ஓட்டுகிறவர். முழங்காலில் கட்டுப் போட்டிருந்தார். டீக்கடை முழுவதற்கும் கேட்கும்படி என்னைப் பாராட்டத் தொடங்கினார்.

"ஏனுங்க மாணிக்கம், அந்த வளைவு போர்டெல்லாம் உங்க கைதானுங்களே? பலே வேலைங்க. பனிக்குள்ள எழுத்து ஒண்ணுமே படிக்க முடியாது. ஆனா சாயறது மட்டும் கறுப்பா நெழலாட்டம் தெரியுமுங்க. எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கம் ஸ்டீரிங்க ஒடிச்சாப் போதும். ஏறறப்ப நான் அப்படித்தான் ஏறறேன்."

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். "எறங்கறப்ப?" என்றேன்.

"எறங்கறப்ப நமக்குக் கண்ணக் கட்டி உட்டாலும் தெரியுமுங்க. ஆனா எனக்குத்தான் கால் முடியலியே. இன்னிக்குக் கீழிருந்து புது டிரைவர் வந்திருக்காரு. மலை ரோடே மொதத் தடவையாம். பயப்படாதீங்க, ஒண்ணும் தெரியாட்டி எழுத்து சாயற பக்கம் திருப்புங்கன்னு சொல்லி அனுப்பியிருக்கறேன்."

வெளியே பனி தரை வரை இறங்கியிருந்தது. எதிர்க்கடை தெரியவில்லை. பஸ் ஹாரன் அடித்தது. சொல்லியிருக்கலாம். அந்த நிமிடமே, சின்னசாமியிடம், அத்தனை பேர் முன்னால். வாய் வரவில்லை. காசைக்கூட வைக்காமல் ஓடிப்போய் நகர்ந்துகொண்டிருந்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டேன்.

உள்ளே ஒரே கலகலப்பு. மலையிலிருக்கும் குண்டனி நாட்டிலிருந்து ஒரு கூட்டம் கல்யாணத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. மல்லிகைப்பூ வாசனை, புதுச் சட்டைகள், சீர்த்தட்டுகள். கும்பலைப் பிளந்து முன்னால் போய் இன்ஜின் பெட்டிமேல், டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். முப்பது வயது இருக்கும் அவருக்கு. ஸ்டீரிங்கின்மேல் கவிழ்ந்து, மூக்கு முன்கண்ணாடியில் இடிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார்.

எழுபதாவது வளைவு வந்தது. பனியில் மஞ்சள் கறை, அதில் வலப் பக்கம் சாய்ந்த கறுப்பு. அவர் வலப் பக்கம் திருப்பினார். ரோடு அங்கே இருந்தது. அறுபத்தொன்பது, இடப் பக்கம். சரியாக இருந்தது. மூன்றாவது வளைவில் அவர் முகம் தெளிந்துவிட்டது.

"பாத்தீங்களா, சொன்னாப்பலயே இருக்குது. எழுதுன மகராசன் நல்லா இருக்கோணும்" என்றார்.

அவர் நம்பிக்கையை நானே என் நல்ல தகடுகளால் வளர்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு அம்மா என் தோளைத் தொட்டார். "ஏனுங்க, மொகமெல்லாம் வேத்து ஊத்துது. வாந்தி வருதுங்களா? இந்தாங்க, எலுமிச்சம்பழம் மோந்து பாருங்க." பழத்தை வாங்கிக் கையில் இறுக்கிக்கொண்டேன்.

அறுபத்து நாலு தாண்டியது. நடுவில் இரண்டு மூன்று சின்னத் திருப்பங்கள். பிறகு மஞ்சள் கறை.

"இதுல எடது பக்கமுங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"என்னங்க?"

"எடது பக்கம் திருப்போணுமுங்க."

"போர்டு சோத்துக்கைப் பக்கமில்ல சாயுது. எழுத்து பொய் சொல்லுமா?" அவர் வலப் பக்கம் ஒடிக்கத் தொடங்கினார்.

"பொய்யிங்க! பொய்! அத எழுதுனவன் நான்தான்! எடது, எடது!" என்று கத்திக்கொண்டே அவர் தோளைப் பிடித்தேன்.

பிரேக் போட்டார். சீர்த்தட்டுகள் உருண்டன, யாரோ அலறினார்கள். பஸ் ஒரு சறுக்குச் சறுக்கித் தடுப்புச் சுவரில் லேசாக முட்டி நின்றது. சுவரிலிருந்து ஒரு கல் பெயர்ந்து வெளிப்பக்கம் விழுந்தது. அது அடியில் போய் மோதும் சத்தத்துக்காகக் காத்திருந்தோம். சத்தமே வரவில்லை. இன்றைக்கும் என் தூக்கத்தைக் கெடுப்பது அந்தக் கேட்காத சத்தம்தான்.

டிரைவர் இன்ஜினை அணைத்தார். "எழுதுனது நீங்களா?"

"ஆமாங்க. தாள் கிழிஞ்சு போச்சு. அவசரத்துல இன்னொரு தாள வெச்சு எழுதிட்டனுங்க."

"இன்னும் எத்தன இப்படி?"

"மூணுங்க. அறுபத்தொண்ணு, அம்பத்தொம்பது, அம்பத்தேழு."

கல்யாணக் கூட்டம் முழுவதும் என்னையே பார்த்தது. யாராவது அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எறங்குங்க" என்றார் டிரைவர். "அம்பத்தேழு தாண்டற வரைக்கும் வண்டிக்கு முன்னால நடங்க."

நடந்தேன். என் சிவப்புத் துண்டை வளைவின் பக்கம் நீட்டி, உடம்பையும் அந்தப் பக்கமே சாய்த்துக்கொண்டு, ஏழு வளைவு நடந்தேன். பின்னால் பஸ் முதல் கியரில் உறுமிக்கொண்டு வந்தது. அதன் விளக்கு வெளிச்சத்தில் என் நிழல் பனிமேல் விழுந்தது. எதிரே ஏதாவது வண்டி ஏறி வந்தால் என் கதி என்ன என்று தோன்றியது. ஆனால் அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. காலடியில் ரோடு இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்தேன். என் தகடுகளைத் தாண்டும்போது தலையைத் திருப்பிக்கொண்டேன்.

ஐம்பத்தேழு தாண்டியதும் பஸ் நின்றது. ஏறுவதா வேண்டாமா என்று படிக்கட்டில் தயங்கினேன். எலுமிச்சம்பழம் கொடுத்த அம்மாதான் கையைப் பிடித்து இழுத்தார். "உள்ள வாங்க சாமி, குளிருது" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு அழுதுவிட்டேன். நாற்பது பேர் முன்னால், வெட்கமே இல்லாமல்.

பட்டறைக்குப் போனதும் தங்கவேலண்ணனிடம் ஒன்று விடாமல் சொன்னேன். தட்டியில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"யாருக்காச்சும் ஏதாவது ஆச்சா?"

"இல்லீங்கண்ணா."

எழுந்து மஞ்சள் பெயிண்ட் டப்பாவைத் தடவி எடுத்தார். "வா" என்றார். வாடகை ஜீப்பில் மத்தியானமே மலையேறினோம். நாலு தகட்டிலும் எழுத்தை நான் மூடினேன். அவர் ஒவ்வொரு கம்பத்தையும் பிடித்துக்கொண்டு நின்று, "மூடியாச்சா?" என்று மட்டும் கேட்டார். நாலாவது தகட்டில், காயாத பெயிண்டில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார். விரலில் மஞ்சளோடு, "மலைக்கு நேரா நிக்கற எழுத்துதான். சாயறதெல்லாம் சமதரைக்கு வெச்சுக்கலாம்" என்றார். அடுத்த பத்து நாளில் முப்பது தகட்டையும் எங்கள் செலவிலேயே நேர் எழுத்தாகத் திருத்தினோம். சின்னசாமியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். எப்போதும் சிரிக்கிற மனுஷன், அன்றைக்குச் சிரிக்கவில்லை.

என்னை வேலையை விட்டு அனுப்பிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் செய்தது அதைவிடக் கொடுமை. மறுவாரம் ஒரு பஸ்ஸுக்குப் பெயர் எழுதி முடித்தேன். அவர் அதே இடத்தில் உட்கார்ந்து, அதே குரலில், எதுவும் நடக்காததுபோலக் கேட்டார்: "ரெண்டு பக்கமும் சரியா இருக்குதா?"

போய் வலப் பக்கம் பார்த்தேன், சுற்றிவந்து இடப் பக்கம் பார்த்தேன், சந்தேகம் வந்து மறுபடி வலப் பக்கம் போனேன். அவர் காத்திருந்தார். அவர் அடித்திருந்தால் வலி ஒரு நாளில் போயிருக்கும். நம்பிவிட்டார், அது போகவே இல்லை. அதற்கப்புறம் நான் எழுதிய எந்த வண்டியையும் மூன்று முறை சுற்றாமல் அனுப்பியதில்லை. பைத்தியம் என்று பட்டறையில் கேலி செய்வார்கள். செய்யட்டும் என்று விட்டுவிட்டேன்.

இதையெல்லாம் எழுதி, போட்டோ எடுத்து நித்யாவுக்கு அனுப்பினேன். கடைசியில் இப்படி முடித்திருந்தேன்: பஸ்ஸுக்கு, கடைக்கு, கல்யாணத்துக்கு, கபடிப் போட்டிக்கு என் எழுத்தைத் தாராளமாகக் கொடுங்கள். அந்த எழுபது வளைவுக்கு மட்டும் கொடுக்காதீர்கள்.

ஆர்டர் கைவிட்டுப் போகிறதே என்று கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். சாயங்காலம் போன் வந்தது.

"ஐயா, அப்படின்னா வளைவுக்கு நேரா நிக்கற மாதிரி ஒரு செட் வரைஞ்சு தர்றீங்களா? பக்கம் காட்டறதுக்கு அம்புக்குறி தனியா வெச்சுக்கலாமுங்க. காண்டிராக்டர்கிட்ட நான் பேசிக்கறேன்."

மாட்டேன் என்று சொல்லத்தான் நினைத்தேன். அந்த வளைவுகளுக்கு மறுபடி கை வைக்கும் தைரியம் எனக்கு இல்லை. ஆனால் நான் ஒதுங்கினால் வேறு யாரோ பொத்தானைத் தட்டி எழுத்தைச் சாய்த்துவிடுவார்களே என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. சரி என்று, அவரையே கட்டத்தாள் வாங்கி அனுப்பச் சொன்னேன்.

பதினோரு நாள் ஆயிற்று. நாற்பது வருடம் சாய்த்துப் பழகிய கை, "வ" வின் நேர்கோட்டை மூன்று முறை தானாகவே சாய்த்தது. மூன்று முறையும் அழித்தேன். முடித்த பிறகு ஒவ்வொரு தாளையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து முன்பக்கம் பார்த்தேன். பிறகு திருப்பிப் பின்பக்கமிருந்தும் பார்த்தேன். எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறித் தெரிந்தது, ஆனால் நேராகத்தான் நின்றது. எந்தப் பக்கமும் யாரையும் போகச் சொல்லவில்லை.

தாள்கள் போய்ச் சேர்ந்த அன்று நித்யா கேட்டார். "எல்லாத்தையும் ஏத்திட்டனுங்க ஐயா. அனுப்பிரலாமா? சரியா இருக்குதுங்களா?"

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"ரெண்டு பக்கமும் பாத்துட்டேன் கண்ணு" என்றேன். "சரியா இருக்குது."